இலையின் மறுபக்கம்



பெரணிச் செடியை வீட்டில் வளர்ப்போர் பலரும் அதன் இலையின் மேற்பக்கத்தை மட்டுமே அறிவர். என்றாவது ஒருநாள் இலையைத் திருப்பினால், அடிப்பக்கத்தில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாய்த் தென்படும். உடனே உள்ளம் கலங்கும். நோய் என்றெண்ணி நறுக்கி எறிவோரும், பூச்சிமருந்து தெளிப்போரும் உண்டு.

கணவரை இழந்த நம் சபைத் தாயார் ஒருவரை அண்மையில் சந்தித்தேன். “ஐயா, இது அவர் கையால் வைத்த செடி. அவர் போனபின் இதற்கும் வியாதி வந்துவிட்டது. மருமகள் குப்பையில் போடச் சொல்கிறாள்” என்றார். தொட்டியை வெளிச்சத்தில் வைத்து இருவரும் பார்த்தோம். ஒவ்வொரு சிற்றிலையிலும் நடுநரம்பின் இருபுறமும், அளந்து வைத்தாற்போல் புள்ளிகள். “அம்மா, இது வியாதியல்ல, செடி தன் அடுத்த தலைமுறையைச் சுமந்து நிற்கிறது” என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை.

பெரணி பூப்பதில்லை, விதை தருவதுமில்லை. அப்புள்ளிகளுக்குள் தூளினும் நுண்ணிய வித்துகள் உள்ளன. முதிர்ந்த இலையொன்றை வெள்ளைத் தாளின்மேல் கவிழ்த்து வையுங்கள். ஓரிரு நாளில் பழுப்புத்தூள் உதிர்ந்திருக்கும். ஈரமண்ணில் விழும் வித்து நேரே பெரணியாவதில்லை. முதலில் நகத்தளவுகூட இல்லாத, இதய வடிவான பச்சைத் தகடாகிறது. அதன்மேல் படியும் நீர்ப்படலத்தில்தான் கருவுறுதல் நிகழ்ந்து, புதுச்செடி எழுகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹோஃப்மைஸ்டர் 1851இல் இச்சுழற்சியை விளக்கினார். அதற்கு முன்னரோ, பெரணியின் விதை கண்ணுக்குத் தெரியாததென்றும், அதை வைத்திருப்பவரும் மறைந்துபோவாரென்றும் ஐரோப்பிய நாட்டுப்புறத்தார் நம்பினர்! சிரிக்க வேண்டாம்; நாமும் அதன் விதையைக் கண்டதில்லையே.

பூச்சி வருவதும் உண்டு. செதில் பூச்சியானால் வரிசையின்றிச் சிதறிக் காம்பிலும் ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் பெயரும், இலையும் பிசுபிசுக்கும்.

நம் சமவெளி வெயிலில் பெரணியை வாட்டுவது பெரும்பாலும் வறண்ட காற்றே. மின்விசிறியின் நேர்க்காற்றும் குளிர்சாதனமும் இலைநுனியைக் கருக்கும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரும் அப்படியே. இயன்றால் மழைநீரைச் சேர்த்து ஊற்றுங்கள். மேல்மண் காயத் தொடங்கும்போது நீர் விட்டால் போதும். சேறாக்கினால் வேர் அழுகும். வடக்குச் சன்னலின் மங்கிய ஒளி அதற்கு இனியது. இலைமக்கும் தென்னை நார்க்கழிவும் கலந்த மண்ணே ஏற்றது.

இலைகள் யாவும் காய்ந்தாலும் அவசரப்படாதீர்கள். நம் வீடுகளில் மிகுதியாய்க் காணும், ஏணிபோல் சிற்றிலைகள் அடுக்கிய வகை, மண்ணுக்குள் கோலிக்குண்டு போன்ற கிழங்குகளில் நீரைச் சேமித்து வைக்கும். காய்ந்தவற்றை அடியோடு வெட்டி, நிழலில் வைத்து, ஈரம் காத்து, சில வாரம் பொறுத்திருங்கள். உயிர் இருந்தால் நடுவிலிருந்து சுருள்கள் தலைகாட்டும்.

கொடைக்கானலுக்கோ குற்றாலத்துக்கோ செல்லும்போது பாறையிடுக்கின் பெரணியைப் பெயர்த்து வராதீர்கள். மலையின் குளிரும் ஈரமும் நம் வரவேற்பறையில் இல்லை. அவற்றில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. செடி வேண்டுவோர் என்னிடம் கேளுங்கள். போதகர் இல்லத்துத் தொட்டியில் நூல்போன்ற ஓடுதண்டுகள் விளிம்பைத் தாண்டித் தொங்குகின்றன. நுனியில் வேர்விட்ட குருத்தோடு ஒன்றை நறுக்கித் தருவேன்; ஆராதனைக்கு வரும்போது ஈரத்துணி ஒன்று கொண்டு வாருங்கள்.