சாரல் எட்டாத காடு

தென்காசிக்காரன் என்று சொன்ன மாத்திரத்தில் எதிரே இருப்பவர் குற்றாலத்துக்குப் போய்விடுவார். ஐந்தருவி, பழைய அருவி, எண்ணெய் தேய்த்துக் குளியல், பார்டர் பரோட்டா என்று அவர் அடுக்க, நானும் தலையாட்டிக்கொண்டிருப்பேன். அருவிமீது எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. ஆனால் வெளியூரில் உட்கார்ந்து நான் ஏங்குவது, அருவிக்கு முதுகைக் காட்டி சுரண்டை பஸ்ஸில் ஏறினால் வரும் பொட்டலுக்கு.

தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, மிச்சத்தை ஆரியங்காவு கணவாய் வழியாக இந்தப் பக்கம் அனுப்பும். அந்த மிச்சம்தான் சாரல். குற்றாலத்தில் நனைக்கும், தென்காசியில் தூறும், சுந்தரபாண்டியபுரம் தாண்டும்போது சட்டை காய்ந்துவிடும். சுரண்டைக்குக் கிழக்கே, ஊத்துமலைப் பக்கம் காற்று மட்டுமே வந்து சேரும்; மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற வறட்டுக் காற்று. மேற்கே மலை கருகருவென்று மூடிக் கிடப்பது நன்றாகத் தெரியும். அங்கே சீசன் களைகட்டியிருக்க, இங்கே ஆடு மேய ஒரு பச்சை இருக்காது. இந்த மண்ணுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான்.

தாத்தாவின் காடு அங்கே இருந்தது. புலி, யானை என்று நினைத்துவிட வேண்டாம். மானாவாரிச் செவல் நிலம். புரட்டாசியில் வானத்தைப் பார்த்து உளுந்தோ கம்போ விதைப்பார். மழை கைகொடுத்தால் வீட்டுக்கு, கைவிட்டால் ஆட்டுக்கு. வரப்பில் பனைகள், நடுவே நாலைந்து உடைமரம், கிழக்கு ஓரத்தில் மணல் மட்டும் கிடக்கும் ஓர் ஓடை. ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில், வெயில் ஏறுமுன் அவருக்குப் பின்னால் நடந்து அங்கே போய்விடுவேன். ஆச்சி தூக்குவாளியில் கம்மங்கஞ்சியும் துண்டுத் துணியில் நாலு உள்ளியும் கட்டிக் கொடுத்திருப்பாள்.

முதல் வேலை ஓடை மணலைப் பார்ப்பது. ராத்திரி யார் யார் வந்து போனார்கள் என்பது அதில் எழுதியிருக்கும். முயல் தடத்தைத் தாத்தா குச்சியால் தொட்டுக் காட்டுவார். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சின்னக் குழி, அவற்றுக்கு முன்னால் பக்கம் பக்கமாக இரண்டு நீளக் குழி. முன்னால் தெரிவதுதான் பின்னங்கால். ஓடும்போது பின்னங்காலை முன்னே வீசிப் போட்டுத் தாவுகிற பிராணி அது. இது தெரியாதவன் முயல் போன திசைக்கு நேர் எதிராகத் தேடிக்கொண்டிருப்பான். கீரி நகம் பதித்துப் போயிருக்கும். மண்ணுளிப் பாம்பின் தடம் சாக்கை இழுத்துப் போனாற்போல ஒரே கோடு. அந்த அப்பாவிப் பாம்புக்கு இரண்டு தலை, பல லட்சம் விலை என்று கதை கட்டி இன்றைக்கும் பிடித்து விற்கப் பார்க்கிறார்கள்; வாலும் மொண்ணையாக இருப்பது அதன் தலையெழுத்து.

உடைமர நிழலில் குழியானைகள் மண்ணில் புனல் தோண்டி, அடியில் எறும்புக்காகக் காத்துக் கிடக்கும். கல்லின் மேல் ஏறி நிற்கும் விசிறித்தொண்டை ஓணான், தொண்டைத் தோலை விரிப்பதும் மடக்குவதுமாகப் பெண்ணுக்குச் சேதி சொல்லும். இந்தக் கூட்டத்தில் புதிதாக இரண்டு இனங்களை 2016-ல் ஆராய்ச்சியாளர்கள் விவரித்தபோது ஒன்றுக்கு விசிறி என்றும் மற்றதற்கு மருதநெய்தல் என்றும் பெயர் வைத்தார்கள். தாத்தா இருந்திருந்தால் சிரித்திருப்பார். காலையில் கல்கவுதாரிகள் கத்திக்கொண்டே தலைக்கு மேல் தண்ணீர் தேடிப் பறக்கும். ஆண் பறவை வயிற்று இறகில் தண்ணீரை நனைத்து எடுத்து வந்து குஞ்சுகளுக்குக் கொடுக்கும் என்பதைப் பின்னாளில் புத்தகத்தில்தான் படித்தேன்.

ஆனால் ஆள்காட்டியைப் புத்தகம் இல்லாமலே தெரியும். ஒருநாள் உழாத தரையில் நான் குறுக்கே நடக்க, தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தித் தீர்த்தது.

“ஏலே, நில்லு. அங்ஙனயே நில்லு. முட்ட வச்சிருக்கு அது.”

நின்ற இடத்திலிருந்து பார்த்தால் கூழாங்கல்தான் தெரிந்தது. தாத்தா வந்து விரல் நீட்டிய பிறகு, கற்களில் நாலு மட்டும் முட்டையாக மாறின. கூடு என்று ஒரு துரும்பு கிடையாது. வெறுந்தரை, சுற்றிச் சில பொடிக்கல், மண் நிறத்தில் கறுப்புத் திட்டு விழுந்த நாலு முட்டை, கூர்முனைகள் நடுவில் கூடியிருக்க. பின்வாங்கிப் பனையடியில் உட்கார்ந்து பார்த்தோம். உச்சி வெயில். மற்ற பறவைகள் சூடேற்ற அடைகாக்கும். இதற்குச் சூட்டைத் தணிப்பதுதான் பாடு. ஆட்டுத் தொட்டிக்குப் பறந்து போய் வயிற்றை நனைத்து வந்து, முட்டைகளின் மேல் ஈரத்தோடு நின்றது. காய்ந்ததும் மறுபடி தொட்டிக்கு. அதற்காகவே தாத்தா தொட்டியில் தண்ணீர் வற்றவிட மாட்டார். அந்த ஆண்டு அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றி உழுதார்.

சாயங்காலம் பனையேறி இறக்கிய பதனியை ஓலைப் பட்டையில் குடித்துவிட்டுத் திரும்பினால், தூரத்தில் நரி ஊளையிடும். நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். இப்போது விழிக்க நரி இல்லை. நரி போனதால்தான் மயில் பெருகி விதைப்பையெல்லாம் கிளறுகிறது என்று ஊரில் பேச்சு.

எங்கள் காடும் கைமாறிவிட்டது. அதே ஆரியங்காவு கணவாய்க் காற்றுக்காகக் காற்றாலைக்காரர்கள் அந்தப் பக்கம் நிலம் தேடி வந்த காலம். அவர்களைத் திட்ட எனக்கு வாயில்லை. அந்தப் பணத்தில்தான் சின்ன அத்தைக்குக் கல்யாணம் நடந்தது. மிச்ச நிலத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது.

குற்றாலத்துக்கு ஒரு குறவஞ்சி இருக்கிறது. ராஜாஜியும் கல்கியும் தேடி வந்த ரசிகமணி டி.கே.சி.யின் வீடு இருந்தது. ‘ரோஜா’ படத்துக்குப் பிறகு சுந்தரபாண்டியபுரத்துக்குக்கூட மவுசு, சூரியகாந்தி பூத்தால் கேரளத்திலிருந்து வண்டி வண்டியாக வந்து படம் பிடிக்கிறார்கள். அதைத் தாண்டி ஒருவரும் வருவதில்லை. மத்திய அரசு வெளியிடும் தரிசுநில வரைபட நூலில் புதர்க்காடு ஒரு தரிசு வகை. தரிசு என்று எழுதிவிட்டால் அங்கே எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து நிறுத்தலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. தவறு அங்கேதான் தொடங்குகிறது. முயலும் கவுதாரியும் உடும்பும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. அவை ஓடித் திரியும் பொட்டலுக்கு அந்தக் காவல் இல்லை.

அடுத்த சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள், குளித்து முடித்த ஒரு மதியத்தை இந்தப் பக்கம் செலவழியுங்கள். தொப்பியும் தண்ணீரும் போதும். நடக்கும்போது ஆள்காட்டி கத்தினால் அடுத்த அடி வைக்காதீர்கள். வந்த தடத்திலேயே திரும்பி வாருங்கள்.