மகரக்கட்டு

எங்கள் நார்த்தாமலைக் குன்றின் மேல் விஜயாலய சோழீச்சரம் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கிறது. கல்லில் ஆக்கியதற்கு அத்தகைய ஆயுள் உண்டு. குரலில் ஆக்கியதற்கு? இம்மண்ணின் நடிகர் பி. யு. சின்னப்பாவை நினைக்குந்தோறும் இவ்வினா என்னுள் எழுகிறது.

1916-இல் புதுக்கோட்டையில், நாடக நடிகர் உலகநாதப் பிள்ளையின் மகனாகப் பிறந்தவர் அவர். இளமையிலேயே நாடக மேடை ஏறி, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் நாயக வேடம் பூண்டார். எம்.ஜி.ஆரும் அப்போது அக்குழுவில் ஒரு சிறுவர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாட வேண்டும். ஆகவே பையன்கள் அஞ்சியது மகரக்கட்டு ஒன்றுக்கே. குரல் உடைந்துவிட்டால், நேற்றுவரை கைதட்டல் பெற்றவன் இன்று வேண்டாதவன். அவ்வாறு மறைந்துபோன சிறுவர்களின் பெயர்களை எவர் எழுதி வைத்தார்?

சின்னப்பாவுக்கும் குரல் உடைந்தது. கம்பெனியை விட்டு நீங்கியவர் சோர்ந்துவிடாமல் சிலம்பமும் குஸ்தியும் பழகினார். சங்கீதத்தை முறையாகப் பயின்றார். 1936-இல் ‘சந்திரகாந்தா’ வழியாகத் திரைக்கு வந்தார். 1940-இல் ‘உத்தம புத்திர’னில் இரட்டை வேடம், 1942-இல் ‘கண்ணகி’யில் கோவலன். அதைக் காண என் பாட்டனார் மாட்டுவண்டியில் புதுக்கோட்டைக்குப் போய் விடியலில் திரும்பினாராம். கதையைச் சொல்லமாட்டார், பாட்டைப் பாடிக் காட்டுவார். சுருதிதான் சேராது!

1944-இல் வந்த ‘ஜகதலப்பிரதாப’னில் பாடுபவரும் அவரே, பக்கவாத்தியக்காரர்களும் அவரே. பின்னாளில், 1956-இல், கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்த ஆங்கில நடிகர் அலெக் கின்னஸ் ஒரே படத்தில் எட்டு வேடங்கள் ஏற்று உலகை வியக்க வைத்தது 1949-இல்தான். கின்னஸுக்கு 86 ஆண்டுகள் வாழக் கிடைத்தது. சின்னப்பாவுக்குக் கிடைத்தவை 35.

ஈட்டிய பொருளையெல்லாம் புதுக்கோட்டையில் வீடுகளாக வாங்கினார் அவர். இனி வாங்கலாகாது என்று மன்னரே தடை விதித்ததாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அதில் பேராசை தெரியவில்லை. குரல் ஒருமுறை கைவிட்டதை அறிந்த மனிதர் செங்கல்லையும் சுண்ணாம்பையும் நம்பியதில் வியப்பென்ன?

1951 செப்டம்பரில் அவர் மறைந்தார். நடிகருக்காகப் பிறர் பாடும் வழக்கம் அதற்குள் வேரூன்றத் தொடங்கியிருந்தது. அவர் நடித்த ‘சுதர்சன்’ அவர் மறைந்த பின்னரே திரைக்கு வந்தது.