பூனை, பல்லி, ராக்கெட்

1997 பிப்ரவரி 13 அன்று, இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் டோக்கியோ எக்ஸ்பிரஸ் என்ற சரக்குக் கப்பல் ஒரு பேரலையில் சிக்கிச் சாய்ந்தது. 62 கன்டெய்னர்கள் கடலில் விழுந்தன. ஒன்றில் மட்டும் ஏறக்குறைய 48 லட்சம் லெகோ துண்டுகள். ஆக்டோபஸ், கடற்புல், நீச்சல்காரர் மாட்டும் துடுப்பு என்று பல துண்டுகள் கடல் சம்பந்தப்பட்டவையாகவே இருந்தது தனி வேடிக்கை. கார்ன்வால் கரையில் அவற்றை இன்னும் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கரையில் ஒதுங்கிய பழைய கட்டைகளைப் பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2020-இல் ஆராய்ந்து, ஒரு லெகோ கட்டை கடலுக்குள் 100 முதல் 1,300 ஆண்டுவரை தாக்குப்பிடிக்கும் என்று கணக்குச் சொன்னார்கள்.

எங்கள் வீட்டுப் பூனை மிளகு நல்ல தீனி, தடுப்பூசி, அதிர்ஷ்டம் மூன்றும் அமைந்தால் பதினைந்து வருஷம் இருக்கும். லெகோவைப் பூனையிடமிருந்து எப்படிக் காப்பாற்றுகிறாய் என்று கேட்கும் நண்பர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்வேன். 1958-இல் டென்மார்க்கின் பில்லுண்டு ஊர்க் கம்பெனி காப்புரிமைக்கு விண்ணப்பித்த அதே வடிவம். அந்தக் காலத்துக் கட்டையும் நேற்று வாங்கியதும் இன்றைக்கும் கச்சிதமாகப் பொருந்தும். 1963 முதல் ஏபிஎஸ் என்ற உறுதியான பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். கீழே விழுந்தால் பிரியும், உடைவது அபூர்வம். இரண்டில் எது சீக்கிரம் சேதமாகும் என்று பார்த்தால், அது ஷோகேஸில் இல்லை. ஷோகேஸுக்கு மேலே வாலைத் தொங்கவிட்டுப் படுத்திருக்கிறது.

சொல்லிவிடலாம். ஆனாலும் சாட்டர்ன் 5 ராக்கெட் தரையில் சிதறிக் கிடக்கும்போது வயிறு எரியத்தான் செய்கிறது. 2017-இல் வந்த பெட்டி அது. மொத்தம் 1,969 துண்டு, மனிதன் நிலவில் கால் வைத்த ஆண்டின் எண். நிமிர்த்தி வைத்தால் ஒரு மீட்டர் உயரம், அடிப்பாகமோ ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. பூனை உள்ள வீட்டில் இப்படியொரு பொருளை நிமிர்த்தி வைப்பவனுக்குத் தைரியம் ஜாஸ்தி என்றுதான் சொல்ல வேண்டும். விழுந்தபோது மூன்று அடுக்கும் தனித்தனியாகப் பிரிந்தன. நிஜ ராக்கெட்டிலும் அப்படித்தான் பிரியும், வரிசை மட்டும் கொஞ்சம் வேறு.

விலையும் ஒரு காரணம். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60-க்குப் போனது. 2023-இல் 70 ஆனது. வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்களின் பெட்டியில் ஒரு மூலையைக் கெஞ்சி வாங்கிச் சேர்க்கிற பிழைப்பு எங்களுடையது. இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பூனைக்குத் தெரியுமாடா கஸ்டம்ஸ் டூட்டி?” என்றாள்.

பூனை ஏன் சாமான்களைத் தள்ளிவிடுகிறது என்பதற்குத் திமிர், பழிவாங்கும் குணம் என்று ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சின்ன இரை கிடைத்தால் பூனை முதலில் முன்னங்காலால் தட்டிப் பார்க்கும்; அசைகிறதா, திருப்பிக் கடிக்குமா என்று ஒரு சோதனை. லெகோ துண்டு தட்டினால் நகர்கிறது, விழுந்தால் ஓசை எழுப்புகிறது, மொசைக் தரையில் உருண்டு ஓடுகிறது. போதாக்குறைக்கு, அந்த ஓசை கேட்டு ஒரு மனிதன் அலறியடித்துக்கொண்டு ஓடி வருகிறான். இத்தனை சன்மானம் வேறு எந்த விளையாட்டில் உண்டு? குறிப்பாக எட்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தக் குட்டி வட்டத் துண்டு. நள்ளிரவில் டக், சர்ர்ர், டக் என்று கேட்டால் அது சோபாவுக்கு அடியில் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு சோபாவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு கறுப்புக் கை மட்டும் நீண்டு துழாவிக்கொண்டிருக்கும்.

ராக்கெட் விவகாரம் இதில் சேராது. அது தட்டி விழுந்ததில்லை, மோதி விழுந்தது. மிளகு ராக்கெட்டுக்குப் பக்கத்திலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும், தொடாது. திடீரென்று ஒரு நாள் ராத்திரி எட்டு எட்டரைக்குத் தாவும், எல்லாம் முடிந்துவிடும். காரணத்தைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. “அது உங்க ராக்கெட்டைப் பார்க்கலைங்க. மேலே பாருங்க” என்றாள். மேலே, சுவரும் கூரையும் சேரும் இடத்தில் ஒரு பல்லி.

அதன்பிறகுதான் மொத்தச் சங்கிலியும் புரிந்தது. மாடல்கள் எடுப்பாகத் தெரியட்டும் என்று ஷோகேஸுக்கு மேலே பளீர் வெள்ளையில் ஒரு எல்இடி பட்டை ஒட்டியிருந்தோம். மழை முடிந்த மாலைகளில் அந்த வெளிச்சத்துக்கு ஈசல் வரும், சின்னச் சின்னப் பூச்சி வரும். பூச்சிக்குப் பல்லி. பல்லிக்கு மிளகு. மிளகின் வழியில் ராக்கெட். வெள்ளைப் பட்டையைக் கழற்றிவிட்டு மங்கலான மஞ்சள் விளக்கு மாட்டினோம். நீல ஒளி குறைந்த மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சிகள் அவ்வளவாக வருவதில்லை. பல்லி சமையலறை ஜன்னல் பக்கம் குடிபெயர்ந்தது. அத்தோடு மிளகின் ராத்திரி வேட்டையும் அங்கே போனது. மாடல்களின் தலையில் வெள்ளை முனையோடு கிடக்கும் பல்லி எச்சத்தைத் துடைக்கும் வேலையும் பாதியாகக் குறைந்தது. வெளிநாட்டுப் பூனைக்காரர்கள் எழுதும் யோசனைகளில் இது இருக்காது. அவர்கள் வீட்டுச் சுவரில் வாடகை தராத இந்தக் குடித்தனக்காரர் இல்லையே.

அம்மாவின் யோசனை வேறு. அவள் நாற்பது வருஷம் கொலு வைத்தவள், அதில் பாதி வருஷம் வீட்டில் பூனை இருந்தது. “கொலு ஒன்பது நாள்தான். பத்தாம் நாள் துணி சுத்திப் பெட்டிக்குள்ள போயிடும். நீ என்னமோ வருஷம் பூரா கொலு வெச்சா எப்படி?” என்றாள். யோசித்துப் பார்த்தால், சேகரிப்பவர்கள் யாரும் கேட்க விரும்பாத நல்ல புத்திமதி. இருப்பதையெல்லாம் ஒரே நேரத்தில் பார்வைக்கு வைக்கும் ஆசையால்தான் தட்டு நிரம்பி, விளிம்புவரை சாமான் வந்து, பூனை கால் வைக்கும் இடத்தில் கோட்டை நிற்கிறது. இப்போது நாலைந்து மட்டும் வெளியே இருக்கின்றன. மற்றவை மூடியிட்ட டப்பாக்களில். தீபாவளிக்கு, பொங்கலுக்கு மாற்றி வைக்கிறோம். பார்த்துப் பார்த்துக் கண்ணுக்கே தெரியாமல் போயிருந்த ஒரு பழைய நீராவி எஞ்சின் இரண்டு மாதம் கழித்து வெளியே வந்தபோது புதிதாக வாங்கியதாகவே தோன்றியது.

இனி வயிற்று விஷயம். இதில்தான் நான் சற்று நீட்டி முழக்குவேன்.

2018-இல் ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் குழந்தைகள் மருத்துவத் துறையில் இருக்கும் ஆறு பேர் ஆளுக்கொரு லெகோ பொம்மையின் தலையை விழுங்கி, அது எப்போது வெளியே வருகிறது என்று தேடிப் பார்த்து ஒரு மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார்கள். சராசரியாக 1.71 நாள். ஒருவருக்கு மட்டும் தலை கடைசிவரை கிடைக்கவே இல்லை. படித்துச் சிரிக்கலாம். ஆனால் அது வளர்ந்த மனிதக் குடலின் கதை. பூனையின் குடல் நம் சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது.

எங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரிடம் கேட்டபோது அவர் கட்டைகளைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படவில்லை. “கயிறு இருக்கா சார் அதுல?” என்றார். இருந்தது. கப்பல் மாடலில் பாய்மரக் கயிறு, கிரேனில் கொக்கிக் கயிறு, சிலவற்றில் ரப்பர் வளையம். நூல் மாதிரியான எதையும் பூனை விழுங்கினால் அதன் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பை வாயிலோ மாட்டிக்கொள்ளும். மறுமுனையைக் குடல் இழுத்துக்கொண்டே இருக்கும். கடைசியில் குடல் சுருங்கி மடிந்து கிழிந்துவிடும். அறுவை செய்தாலும் பிழைப்பது நிச்சயமில்லை. நூல் வாயிலோ ஆசனவாயிலோ தொங்கினால் நீங்கள் இழுக்கக் கூடாது, நேரே கூட்டி வாருங்கள் என்று இரண்டு தடவை சொன்னார். பழைய ரயில் பெட்டிகளின் இணைப்புக் காந்தமும், விளக்குப் பொருத்தும் சாமான்களில் வரும் பொத்தான் பேட்டரியும் அதே பட்டியல்தான். இரண்டு காந்தத்தை விழுங்கினால் குடலின் இரண்டு சுவர்களை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளும். கயிறு உள்ள மாடல் எதுவும் எங்கள் வீட்டில் இப்போது திறந்த தட்டில் இல்லை.

நாய் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சிரமம். பூனை விழுங்குமுன் யோசிக்கும், லாப்ரடார் விழுங்கிவிட்டு யோசிக்கும். பல் முளைக்கும் மாதங்களில் நாய்க்குட்டிக்குக் கட்டையின் குமிழ்கள் ஈறுக்கு இதமாகவே இருக்கும் போலிருக்கிறது. எதிர் வீட்டு ப்ரூனோ கடித்துத் துப்பிய ஒரு கட்டையில் எட்டுக் குமிழும் சப்பி மழுங்கியிருந்தன. தரையில் உட்கார்ந்து கட்டுகிற பழக்கத்தை அந்த வீட்டுப் பையன் அன்றோடு விட்டான். மிளகின் பல் தடம் எங்கள் வீட்டில் இலைகளில் மட்டும் இருக்கிறது. லெகோ மரங்களின் இலை, புதர் எல்லாம் கட்டையைவிட மெத்தென்ற பாலிஎதிலீனில் செய்தவை. 2018-லிருந்து அதற்கு மூலப்பொருள் கரும்பு. மிளகுக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

பூனையை விரட்ட நம் வீடுகளில் கை தானாகப் போகும் பொருள்கள் இரண்டு: அந்துருண்டை, நீலகிரித் தைலம். இரண்டுமே பூனைக்கு விஷம். கற்பூரமும் அப்படித்தான். ஷோகேஸ் மூலையில் உருண்டை போட்டு வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. ஆரஞ்சுத் தோலின் வாசம் பூனைக்குப் பிடிக்காது என்பது உண்மை. தோல் காய்ந்ததும் அந்த வெறுப்பும் காய்ந்துவிடுகிறது. பசை போட்டு ஒட்டிவிடேன் என்பார்கள். லெகோலாண்டில் வெளியே நிற்கும் மாடல்களை ஒட்டித்தான் வைக்கிறார்கள், அங்கே காற்று, மழை, ஆயிரக்கணக்கான குழந்தைகள். வீட்டில் ஒட்டினால் நாளைக்கு அதே கட்டைகளில் வேறொன்று கட்ட முடியாது. ஆறு கட்டை, எட்டுக் குமிழ் உள்ளவை, 91.5 கோடிக்கும் மேற்பட்ட விதங்களில் சேரும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றே ஒன்றைப் பசைக்குத் தாரைவார்க்க மனம் வரவில்லை. அடிப்பாகத்தை மட்டும் தட்டோடு பிடிக்க மியூசியம் புட்டி கிடைக்கிறது. ராக்கெட்டின் காலடியில் நான்கு சின்ன உருண்டை வைத்திருக்கிறேன். இழுத்தால் கறை இல்லாமல் வந்துவிடுகிறது.

மிளகு தாவாத நாளிலும் அதன் ரோமம் தாவும். எபோனைட் தண்டைப் பூனைத்தோலில் தேய்த்து மின்னூட்டம் காட்டிய பள்ளிக்கூடப் பாடம் ஞாபகம் இருக்கிறதா? அதே பாடம் எங்கள் ஷோகேஸில் தினமும் நடக்கிறது. ரோமம் நேர் மின்னூட்டம் கொள்ளும், பிளாஸ்டிக் எதிர் மின்னூட்டம் கொள்ளும், இரண்டும் விடாது. காய்ந்த துணியால் துடைத்தால் இன்னும் மோசம். லேசாக ஈரம் தொட்ட வரைதூரிகையால் குமிழ் குமிழாக ஒற்றி எடுக்க வேண்டும். ரொம்பவே அழுக்கானால் கழற்றி, 40 டிகிரிக்கு மேற்படாத நீரில் சோப்பு போட்டுக் கையால் கழுவச் சொல்கிறது கம்பெனி. அம்மா ஒரு தடவை கழுவிய துண்டுகளை மொட்டைமாடியில் பழைய வேட்டி விரித்து வடகம் காய வைப்பதுபோல் பரப்பிவிட்டாள். ஓடிப்போய் எடுத்தேன். வெயிலில் கிடந்தால் வெள்ளையும் நீலமும் பழுப்பேறிவிடும். காக்கையும் சும்மா விடாது.

இத்தனைக்கும் அடிப்படையான ஏற்பாடு ஒன்றுதான்: உயரம் மிளகுக்கு, நடுத்தட்டு லெகோவுக்கு. நகரும் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ் இடுப்பிலிருந்து நெஞ்சு உயரம்வரை. அதற்கு மேலே லாஃப்ட் வரை படிப்படியாக மூன்று பலகை அடித்து, லாஃப்டில் பழைய போர்வை போட்டோம். வீட்டிலேயே உயரமான, யாரும் வராத, எல்லாரையும் குனிந்து பார்க்க முடிகிற இடம் தன்னுடையது என்றானபின் மிளகு கீழ்த்தட்டுகளைச் சட்டை செய்வதில்லை. சாயங்காலம் கால் மணி நேரம் கோலில் கட்டிய இறகைத் துரத்த விட்டு, உடனே சோறு. வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்துகொள்ளல், தூக்கம் என்ற வரிசை முடிந்துவிடுவதால் ராத்திரி ரகளை குறைவு.

கட்டும் நேரத்துக்கு மட்டும் தீர்வு கிடைக்கவில்லை. மேசையில் துண்டுகளை நிறவாரியாகப் பிரித்துக் கிண்ணங்களில் வைத்தவுடன் மிளகு வந்து விளக்கப் புத்தகத்தின்மேல் படுக்கும், அதுவும் அந்தச் சமயத்துக்கு வேண்டிய பக்கத்தில். கதவைச் சாத்தினால் வெளியிலிருந்து அழும். காலிப் பெட்டியைப் பக்கத்து நாற்காலியில் வைத்தால் அதில் ஏறிக்கொள்கிறது என்று தெரிந்தபின் அதுவே வழக்கமாகிவிட்டது. பெட்டி கசங்காமல் இருந்தால் பின்னால் நல்ல விலைக்குப் போகும் என்று சேகரிப்பவர்கள் சொல்வார்கள். எங்கள் பெட்டிகள் எதுவும் போகாது. எல்லாவற்றின் ஓரமும் நகத்தால் பிறாண்டிக் கிழிந்திருக்கிறது. அடுத்து 9,090 துண்டு டைட்டானிக் கப்பல் வாங்கலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது என் மனைவி விலையைக் கேட்கவில்லை, ஒன்றேகால் மீட்டருக்கு மேல் நீளமான அதை எங்கே வைப்பது என்றும் கேட்கவில்லை. “பெட்டி எவ்வளவு பெருசுங்க? போன பெட்டியில அதுக்குக் கால் நீட்டப் பத்தலை” என்றாள்.