டுரியான் மரத்துக்கு யார் சாட்சி?

காலை நிகழ்ச்சியில் போக்குவரத்து நிலவரம் சொல்லும்போது என் முன்னால் வரைபடம் விரிந்திருக்கும். தெங்கேரா சாலை சிவந்திருந்தால் உடனே நேயர்களுக்குச் சொல்லிவிடுவேன். அதே வரைபடத்தில், அலோர் காஜா, ஜாசின் வட்டாரங்களில் தெமுவான் பூர்வகுடிகள் வாழும் கிராமங்களைத் தேடினால் சாலைக்கு அப்பால் வெறும் பச்சைதான். யார் நட்ட டுரியான், எந்த மேட்டில் முன்னோர் கல்லறை என்பதெல்லாம் அதில் இல்லை.

அதைப் பதிவு செய்ய உதவுவதுதான் ஜி.ஐ.எஸ். எனும் புவியியல் தகவல் முறை. அதில் படத்தைவிட முக்கியம், ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் இருக்கும் பட்டியல். மரத்தை நட்டவர் யார், எப்போது, இன்று பழம் பொறுக்குவது யார்?

சரவாக், பிந்துலு அருகே ருமா நோர் இபான் மக்கள் 2001இல் உயர் நீதிமன்றத்தில் நில வழக்கை வென்றார்கள். கிராமத்துக்காகத் தயாரித்த வரைபடமும் சான்றுகளில் ஒன்று. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த நிலத்தில் அவர்கள் இருந்ததற்கு ஆதாரம் போதாதென்று தீர்ப்பை மாற்றியது. அதே ஆண்டு, சிலாங்கூர் புக்கிட் தம்போய் தெமுவான் மக்கள் தங்கள் வழக்கில் மேல்முறையீட்டிலும் வென்றார்கள். விமான நிலைய நெடுஞ்சாலைக்கு எடுத்த நிலத்தில், அரசிதழில் ஏறாத பகுதிக்கும் அவர்களுக்கு உரிமை உண்டு என்றது நீதிமன்றம்.

ஆகவே, கணினி வாங்குமுன் பாத்தினும் ஊராரும் உட்கார்ந்து பேச வேண்டியவை சில உண்டு. முதலில், எதற்காக இந்தப் பதிவு? எல்லைக்கா, குடிநீருக்கா, வழக்குக்கா? அடுத்து, யார் கையில் இருக்கும்? காஹாரு மரம் நிற்கும் இடத்தை எல்லாரும் பார்க்க வைத்தால் திருடனுக்கு வழிகாட்டியதாகிவிடும். மூன்றாவது, யார் தொடர்ந்து பதிவார்கள்? கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம்தான்; ஆனால் ஊரிலேயே இரண்டு இளைஞர்களாவது அதைக் கற்றிருக்க வேண்டும். 'கெர்தாவ்' அளவையில் வரைந்த பழைய வரைபடத்தைச் சரியாக மாற்றாமல் கைப்பேசிப் புள்ளிகளோடு சேர்த்தால் 100 மீட்டருக்கும் மேல் விலகும். கல்லறை அடுத்தவர் தோட்டத்துக்குள் போய் நிற்கும்.

நமக்கும் இது புதிய கதையல்ல. தோட்டம் கைமாறியபோது லயமும் பெரட்டுக்களமும் போயின. கோயிலையும் சுடுகாட்டையும் காப்பாற்ற ஓடியபோது, "எத்தனை வருஷமாக இருக்கிறது, எழுத்தில் என்ன இருக்கிறது?" என்றுதான் கேட்டார்கள். பாட்டிமார்களுக்குத் தெரிந்திருந்தது, தாளில் இல்லை. பூர்வகுடிகளுக்கு நிலத்தோடு உள்ள உறவு நம்முடையதைவிடப் பல தலைமுறை பழையது. ஆனாலும் அவர்களிடமும் கேட்கப்படுவது அதே கேள்விதான்.

மரத்தைக் கைகாட்டிப் பெயர் சொல்லக்கூடிய பெரியவர்கள் அங்கேயும் இங்கேயும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கருவி பிறகு வரட்டும். முதலில் அவர்களோடு ஒரு நாள் நடந்துவிட்டு வர வேண்டும், கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு.