மெழுகு மணக்கும் ராத்திரி

இந்தோனேசியாவின் ஜோக்ஜாவை நினைத்தால் எனக்கு முதலில் மெழுகு வாசம்தான் வரும். புதுப் பாத்தீக் துணியில் தங்கியிருக்குமே, அந்த வாசம். தூகு ஸ்டேஷனில் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாலியோபோரோ தெருவுக்குள் நுழைகிறோம். கிரெதெக் சிகரெட்டின் கிராம்புப் புகை, ஈரக் குதிரைச் சாணம். ஆன்டோங் வண்டிக் குதிரையின் மணி ஒரு பக்கம், மூங்கில் ஆங்க்லுங் மறுபக்கம் கலகலக்கிறது.

கடைவாசல் கூரைக்கடியில் ஓடும் நடையை நம்ம பினாங்கில் அஞ்சடி என்போம். அங்கே காக்கி லீமா. அதற்கும் அஞ்சடி என்றுதான் அர்த்தம். நடை முழுக்கத் துணி, தோல் செருப்பு, வயாங் பொம்மை, கோத்தாகெடே வெள்ளி மோதிரம். ஒரு ஆள் ஒதுங்கினால்தான் இன்னொரு ஆள் போகலாம். "மொங்கோ, மொங்கோ" என்று கூப்பிடுவார்கள். வாங்காமல் நகர்ந்தாலும் அந்தக் குரலில் இனிப்புக் குறையாது.

பாத்தீக் மெழுகுக்கு அங்கே 'மாலாம்' என்று பேர். ராத்திரிக்கும் அதே சொல்தான். துணியைத் திருப்பிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்த அந்த இபுவை, கடைக்கார அம்மாவை, நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கையால் எழுதியதென்றால் பின்பக்கமும் அதே நிறம் பிடித்திருக்கும். அச்சு என்றால் வெளிறிக் கிடக்கும். கடை ஓரத்திலேயே சின்ன அடுப்பு, வாணலியில் உருகும் மெழுகு. சாந்திங்கை முக்கி எடுப்பார். குட்டிச் செம்புக் கிண்ணம், அதில் ஊசிபோல ஒரு மூக்கு. அது அடைக்காமலிருக்க 'ஃபூ' என்று ஓர் ஊது ஊதிவிட்டுக் கோடு இழுப்பார். நாம் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்போம்.

அன்றைக்கு நல்ல மழை. ராத்திரி எட்டு மணிக்கு நாம் எடுத்த துணிதான் அவருக்கு முதல் போணி. கொடுத்த நோட்டை அடுக்கின துணிகள்மேல் தட்டித் தட்டி, "லாரிஸ், லாரிஸ்" என்றார். விற்கட்டும், விற்கட்டும் என்று. நம்ம ஆட்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்களே, அதேதான்.

மழை விட்டு, கடைகள் சாத்தினதும் பாய் விரிகிறது. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் குடெக் வரும். பனைவெல்லத்திலும் தேங்காய்ப்பாலிலும் பழுப்பாகும்வரை வெந்த பலாப்பிஞ்சு. பிறகு வெடாங் ரோண்டே, இஞ்சித் தண்ணீரில் மிதக்கும் கடலைப் பூரண உருண்டை. அவசரப்பட்டுக் கடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டது யார் என்று நான் சொல்லப்போவதில்லை.

2022 பிப்ரவரியில் அஞ்சடிக் கடைகளை எல்லாம் எடுத்து, தெராஸ் மாலியோபோரோ என்று இரண்டு இடங்களில் கொண்டுபோய் வைத்தார்கள். அதில் ஒன்று 2025-ல் மறுபடியும் இடம் மாறியது. நடைபாதை இப்போது நல்ல அகலம். சக்கர நாற்காலியில் வரும் பெரியவர் தடங்கலில்லாமல் போகிறார். அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தெருக்கோடிவரை நடந்தும் "மொங்கோ" என்று ஒருவரும் கூப்பிடவில்லை.

போன தடவை தெராஸ் கட்டடம் ஒன்றுக்குள் போனேன். வரிசை வரிசையாக நம்பர் போட்ட கடைகள். ஒரு சின்னப் பெண்ணிடம் சாரோங் எடுத்தேன், திருப்பிப் பார்த்துத்தான். நோட்டை வாங்கி, அடுக்கின துணிமேல் மெல்லத் தட்டி "லாரிஸ்" என்றாள். மணி எட்டு. வெளியே மழை இல்லை.