பதினோரு சென்டிமீட்டர் கயிறு

காம்பவுண்ட் வில்லில் விரல் நாணைத் தொடுவதே இல்லை. கையிலுள்ள ரிலீஸ்தான் இழுக்கிறது. விசையைத் தட்டினால் அதன் கொக்கி விட்டுவிடுகிறது. அந்தக் கொக்கி எதைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் இரண்டு நாளாக வீட்டில் பேச்சு. அண்ணன் மகன் வில்லோடு ராசிங்காபுரம் வந்திருக்கிறான். வழி மூன்று: நாணையே நேராகப் பிடிப்பது, உலோக வளையம் பூட்டுவது, கயிற்றில் லூப் கட்டுவது.

*

நேராகப் பிடிப்பது பழைய முறை. அம்பின் வால்பிளவுக்குக் கீழே கொக்கி மாட்டும். இழுப்பு கீழிருந்து வருவதால் அம்பு மேலே எழும்பப் பார்க்கும். போதாததற்கு, நாணின் நடுவில் சுற்றிய நூலை உலோகம் ஒவ்வொரு முறையும் அரைக்கும். லூப் என்றால் பிளவுக்கு மேலே ஒரு முடிச்சு, கீழே ஒரு முடிச்சு. இழுப்பு அம்புக்கு நேர் பின்னாலிருந்து வரும். தேய்வது கயிறு, நாண் தப்பும்.

*

"சித்தப்பா, மெட்டல்னா அடிக்கடி மாத்த வேண்டாம்ல?"

வேண்டாம்தான். ஆனால் நாணில் அதிக தூரம் ஓடுவது அதன் நடுப்பகுதி. அங்கே ஏற்றும் பாரமெல்லாம் அம்பின் வேகத்தில் கழியும். கயிறு நைந்தால் பஞ்சு பஞ்சாகக் கண்ணுக்குத் தெரியும். திருகாணி தளர்வது தெரியாது. என் ஓட்டு கயிற்றுக்கு.

*

கட்டும் விதம். பதினோரு சென்டிமீட்டர் வெட்டு. முனையைத் தீக்குச்சியில் காட்டி, உருகிக் குமிழானதும் ஆறவிடு. குமிழ் சின்னதாக இருந்தால் முடிச்சு உருவிக்கொள்ளும். ஒரு முடிச்சின் முனை இடப்பக்கம், மற்றது வலப்பக்கம். இரண்டும் ஒரே பக்கமானால் லூப் ஒருக்களிக்கும், நாணும் சேர்ந்து திரும்பும், கண் பார்க்கும் பீப் துளை கோணிக்கொள்ளும். பிறகு குறடை லூப்புக்குள் விட்டு விரித்து இறுக்கு. கையால் இழுத்து இறுக்கினால் போதாது. இரண்டு முடிச்சும் வால்பிளவை நெரிக்காமல் மயிரிழை இடம் விட வேண்டும். முழுதாக இழுத்ததும் நாண் கோணமாக மடங்கிப் பிளவைக் கவ்வும்.

லூப் நீண்டால் கை அந்த அளவு பின்னால் போகும், தாடையில் கை நிற்கும் இடமும் மாறும். ஆகவே புதிதாகக் கட்டும்போது பழைய நீளத்தையே அளந்து கட்டு.

*

கவட்டை அடித்து வளர்ந்தவனுக்குத் தெரியும், ரப்பர் அறுவது நடுவில் அல்ல, முடிச்சில். இதிலும் பார்க்க வேண்டியது முடிச்சையும் கொக்கி உரசும் வளைவையும். பாரம் உச்சத்தில் இருக்கும்போது அறுந்தால் சொந்த முஷ்டியே முகத்தில் குத்தும். சர்வதேசப் போட்டியில் காம்பவுண்டுக்கு உச்ச வரம்பு 60 பவுண்டு. பல்லுக்கு அது தாராளம்.

*

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? தூரம் 50 மீட்டர், பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 8 சென்டிமீட்டர். முடிச்சு நழுவி அம்பின் வால் ஒரு மில்லிமீட்டர் ஏறினால், 70 சென்டிமீட்டர் அம்புக்கு வெறும் கோணக் கணக்கிலேயே இலக்கில் 7 சென்டிமீட்டர். 2023 ஆகஸ்டில் பெர்லின் உலகப் போட்டி இறுதியில் ஓஜஸ் தேவ்தளே எய்த 15 அம்பும் பத்து; 150க்கு 150. எதிராளி 149 எடுத்தும் தோற்றார். அதே போட்டியில் பெண்கள் பிரிவில் உலகச் சாம்பியனான அதிதி ஸ்வாமிக்கு வயது 17. இருவரும் சாத்தாராவில் பயிற்சி பெற்றவர்கள்.

*

ஷீத்தல் தேவி. ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் மலைக்காரப் பெண், பிறவியிலேயே கைகள் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து வலது காலால் வில்லைத் தூக்குகிறார். ரிலீஸ் தோளில் வாரோடு கட்டியிருக்கிறது. லூப்பை அதில் மாட்டிக் காலை நீட்டினால் நாண் இழுபடும். விசையை இயக்குவது தாடை. 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் ராகேஷ் குமாருடன் கலப்பு அணியில் வெண்கலம். தகுதிச் சுற்றில் 720க்கு 703. நாணைப் பிடிக்க விரல் வேண்டும் என்று யாராவது சொன்னால் இவர் படத்தைக் காட்டலாம். விரலின் வேலையைக் கொக்கியும் கயிறும் எடுத்துக்கொண்ட பிறகு, உடம்பின் எந்தப் பகுதி இழுக்கிறது என்பது வில்லுக்கு ஒரு பொருட்டே இல்லை.

*

விரலைக் காக்கும் யோசனை புதிதல்ல. ஷாஜகானுக்காகச் செய்த ஜேட் கல் கட்டைவிரல் வளையம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் இங்கே நாணை இழுத்தது கட்டைவிரல். துரோணர் சரியான விரலைத்தான் கேட்டிருக்கிறார், பாவி.

*

ஆடி பிறந்துவிட்டால் மேற்கு மலையிலிருந்து இறங்கும் காற்று இங்கே அம்பை விடாது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் கிளம்புகிற விடிகாலையில் கொஞ்சம் அமைதி கிடைக்கும். பயிற்சி அப்போதே. மத்தியானம் வில்லை மூடிய காருக்குள் விடக்கூடாது. சூட்டில் நாண் இளகும்.

*

வாங்க வேண்டியவை: லூப் கயிறு இரண்டு மீட்டர், வெளிர் நிறம், நைவது தெரிவதற்காக. நாணுக்கு மெழுகு. தீப்பெட்டி வீட்டில் இருக்கிறது. ரிலீஸ் புதிதாக வேண்டும் என்கிறான். இந்த வருஷம் கிடையாது என்று அண்ணனிடம் சொல்லியாகிவிட்டது.