எங்கள் ஊர் வெள்ளாறு

நாற்பது வருஷங்களுக்கு முன் ஒரு நாள், சென்னையிலிருந்து திருச்சிக்கு ஒரு சிநேகிதரோடு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். சிநேகிதர் தஞ்சாவூர் ஜில்லாக்காரர். காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு இயல்பாக உள்ள சிறு கர்வம் அவருக்கும் உண்டு. பெண்ணாடம் ஸ்டேஷனைத் தாண்டியதும் வண்டி பாலத்தின் மேல் தடதடத்தது. "இதுதான் எங்கள் ஊர் ஆறு" என்றேன். அவர் இந்தப் பக்கத்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார். எழுந்து போய் அந்தப் பக்கத்து ஜன்னலிலும் பார்த்தார். அதற்குள் பாலம் முடிந்துவிட்டது.

"மணல் தெரிந்தது. ஆறு எங்கே, சார்?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பதில் சொல்லவில்லை. அன்று சொல்லாததை இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் வெள்ளாறுகள் இரண்டு. புதுக்கோட்டைச் சீமையில் ஓடுவது தென்வெள்ளாறு. சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லையாக இருந்த பெருமை அதற்கு உண்டு. எங்களுடையது வடவெள்ளாறு. கல்வராயன் மலையில் பிறந்து ஆத்தூர் வழியாக வருகிறது வசிஷ்ட நதி. கொல்லிமலைப் பக்கத்திலிருந்து தம்மம்பட்டி, கெங்கவல்லி, வீரகனூர் என்று ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டு வருகிறது சுவேத நதி. இரண்டும் சேர்ந்த பிறகு வெள்ளாறு என்று பெயர். சுவேதம் என்றால் வெண்மை அல்லவா? ரிஷியின் பெயரைத் தாங்கி வந்த நதிதான் பெரிய மனசோடு தன் பெயரை விட்டுக்கொடுத்திருக்கிறது.

அதன் குணம் எப்படிப்பட்டது என்று கேட்டால், மாதச் சம்பளக்காரனின் குணம் என்று சொல்லுவேன். சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே பிடித்தங்கள் ஆரம்பித்துவிடும். முதல் பிடித்தம் தொழுதூர் அணைக்கட்டில். அங்கிருந்து ஒரு வாய்க்கால் திட்டக்குடிப் பக்கத்து வெலிங்டன் ஏரிக்குத் தண்ணீரைக் கொண்டுபோய்விடும். 1923-ல் கட்டி முடித்த ஏரி அது. அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயரை வைத்தார்கள். ஜனங்கள் அதை வெலிங்டன் ஆக்கிவிட்டார்கள். அடுத்த பிடித்தம் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, பெலாந்துறை அணைக்கட்டில். மிச்சத்தை வைத்துக்கொண்டு ஆறு தள்ளாடிப் போகும்போது, கூடலையாற்றூரில் மணிமுத்தாறு வந்து கைகொடுக்கிறது. பிறகு சேத்தியாத்தோப்பில் இன்னொரு அணைக்கட்டு, இன்னொரு பிடித்தம். அதற்கப்புறம் புவனகிரி, பரங்கிப்பேட்டை, கடல்.

பரங்கிப்பேட்டைக் கழிமுகத்தில் கடல் நீர் உள்ளே ஏறி இறங்குகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் அங்கே கடல் உயிரியல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை வெகு காலமாக நடத்தி வருகிறார்கள். அந்த முகத்துவாரத்து மீனையும் நண்டையும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களையும் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரைகளை உலகத்து விஞ்ஞானிகள் படிக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் யாரும் ஏறிட்டுப் பார்க்காத மனிதருக்குக் கடைசிக் காலத்தில் பொன்னாடை போர்த்துவார்களே, அந்த மாதிரிதான் இதுவும்.

சிறிய ஆறுதானே என்று அலட்சியமாக இருந்துவிடவும் முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மழை பிடித்துக்கொண்டால், காலையில் மாடு மேய்ந்த இடத்தில் மாலையில் தென்னை மரம் மிதந்து போகும். அரியலூருக்கு அருகே மருதையாறு என்று ஒன்று உண்டு. எங்கள் ஆற்றைவிடச் சிறியது. 1956-ம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி விடியற்காலையில் அதன் வெள்ளம் ரயில் பாலத்தைப் பலவீனமாக்கி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸைக் கவிழ்த்துவிட்டது. 140-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவியை விட்டார். அப்போது நான் சிறு பையன். அதற்குப் பிறகு வெகு நாள் வரை, எங்கள் ஊர்ப் பாலத்தில் வண்டி போகும் சத்தம் இரவில் கேட்டால் என் ஆயா படுக்கையில் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். சத்தம் ஓய்ந்த பிறகுதான் படுப்பாள்.

வெள்ளத்துக்கு அஞ்சிய ஊர் இது என்பதற்குக் கோயிலே சாட்சி. சுவாமியின் பெயர் பிரளயகாலேசுவரர். விமானம் யானை படுத்துத் தூங்குவதைப் போல இருப்பதால் தூங்கானை மாடம் என்று பெயர். தேவகன்னியரான பெண்களும், காமதேனுவாகிய ஆவும், ஐராவதமாகிய கடமும் வழிபட்டதால் ஊர் பெண்ணாகடம் ஆயிற்றாம். அப்பர் சுவாமிகள் தம் தோளில் சூலக் குறியும் இடபக் குறியும் பொறிக்க வேண்டும் என்று வேண்டிப் பெற்றதும் இங்கேதான். பிரளய காலத்தில் வெள்ளம் ஊரை விழுங்க வந்தபோது, அதைத் தடுக்கும்படி ஈசுவரன் நந்திக்கு உத்தரவிட்டார். அதனால்தான் நந்தி சுவாமியைப் பாராமல் வாசல் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது தலபுராணக் கதை. மற்றக் கோயில் நந்திகள் நிம்மதியாகச் சுவாமியைப் பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் ஊர் நந்தி மட்டும் வெள்ளத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது.

இப்போது ஆயாவின் கதைக்கு வருகிறேன்.

சித்திரை மாசத்தில் ஆறு வறண்டுதான் கிடக்கும். ஆயா இடுப்பில் ஒரு குடமும் கையில் கொட்டாங்கச்சியும் எடுத்துக்கொண்டு புறப்படுவாள். நானும் பின்னாலேயே ஓடுவேன். சுடுமணலில் ஓர் இடத்தைப் பார்த்து உட்கார்ந்து, முழங்கை ஆழத்துக்குத் தோண்டுவாள். முதலில் மணல் ஈரமாகும். பிறகு கலங்கிய நீர் கசியும். நாலு தடவை இறைத்துக் கொட்டினால், கண்ணாடி மாதிரி தண்ணீர் ஊறி நிற்கும். "ஆறு எங்கியும் போயிடலடா தம்பி. வெயிலுக்குப் பயந்து உள்ள படுத்திருக்கு" என்பாள்.

பிற்காலத்தில் பெரிய பெரிய புஸ்தகங்களில் நான் படித்தது இதைத்தான். மணல் என்பது ஆற்றின் குப்பை அல்ல, அதன் சேமிப்பு. பத்து நாள் ஓடுகிற வெள்ளத்தை மணல் குடித்து வைத்துக்கொண்டு, கரையிலுள்ள கிணறுகளுக்கு வருஷம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது.

1984-ல் நான் ஒரு வீடு கட்டினேன். கதை எழுதிப் பிழைக்கிறவன் வீடு கட்டுவது சாமானியமா? சிக்கனமாகத்தான் கட்டினேன். மணல் மட்டும் சல்லிசாகக் கிடைத்தது. சொந்த ஊர் ஆறு அல்லவா? எட்டு லாரி மணல் வந்து இறங்கியது. கிரகப் பிரவேசத்துக்கு ஆயாவை அழைத்து வந்தோம். எண்பது தாண்டிவிட்டது, கண்ணும் மங்கல். சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏண்டா தம்பி, இதெல்லாம் நம்ம ஆத்து மண்ணா?" என்று கேட்டாள். பெருமையோடு ஆமாம் என்றேன். "எம்மாம் வண்டி?" என்றாள். சொன்னேன். ஆயா வேறு ஒன்றும் சொல்லவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

என் எட்டு லாரி ஓர் ஆற்றை அழித்துவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் வெகு காலம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் வீடு கட்டிய ஒவ்வொருவரும் அதே சமாதானத்தைச் சொல்லிக்கொண்டோம். எட்டு லாரிக்குப் பின்னால் எண்ணாயிரம் லாரி போயிற்று. பிறகு யந்திரங்கள் ஆற்றுக்குள்ளேயே இறங்கின.

மணிமுத்தாற்றைப் பற்றிச் சொன்னேனே, அதில் சுந்தரமூர்த்தி நாயனார் விருத்தாசலத்தில் பன்னீராயிரம் பொன்னைப் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்று பெரியபுராணம் சொல்லுகிறது. ஆற்றில் போட்டது காசு குறையாமல் திரும்பி வந்தது. ஆற்றிலிருந்து எடுத்ததை நாம் எங்கே திருப்பிக் கொடுப்பது?

இரண்டு வருஷத்துக்கு முன் சித்திரையில் பேத்தியை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். ஊற்றுத் தோண்டிக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆயா உட்காரும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து கொட்டாங்கச்சியால் தோண்டினேன். ஒரு சாண் போவதற்குள் களிமண் தட்டியது. இன்னும் நாலு இடத்தில் தோண்டினேன். குழந்தை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஆறு எங்கே, தாத்தா?" என்று கேட்டாள்.

சிநேகிதர் கேட்ட அதே கேள்வி! அவருக்காவது மணல் தெரிந்தது.

இந்த முறை நான் பதில் சொன்னேன். "நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது, அம்மா" என்றேன். குழந்தை நான் ஏதோ கதை சொல்லுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.